மரபணு மாற்றுப் பயிர்கள் உலகின் பசியைத் தீர்க்குமா?



சில வாரங்களுக்கு முன் சடையங்குப்பத்தில் ஓர் அன்பியக் கூட்டம். செபம், இறைவார்த்தைப் பகிர்வு எல்லாம் முடிந்து தேநீர் வந்தது. அப்போது ஒரு தாய் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “ஃபாதர், இதைப் பாருங்க. கத்தரிக்காயில விஷத்தை ஏத்தி விக்கிறாங்களாம், வாங்கக் கூடாதாம். உண்மையா?” என்றார். வாட்சப்பில் வந்த செய்தி அது. கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் அவருடைய மகன் உடனே குறுக்கிட்டான். “அம்மா, சும்மா பயப்படாதீங்க. உலகத்துல 800 கோடி பேர் ஆயிட்டோம். புது விதை இல்லாம அத்தனை பேருக்கும் எப்படிச் சோறு போடுறது?” என்றான்.

வாக்குவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மெதுவாகக் கேட்டார்: “சாமி, எங்க அப்பா காலத்துல இந்தப் பக்கம் நெல்லு வெளைஞ்சுது. அப்புறம் உப்புத் தண்ணி ஏறி எல்லாம் போச்சு. உப்புலயே வெளையுற நெல்லு எதுனா கண்டுபிடிச்சிருக்காங்களா? அதைச் சொல்லுங்க.”

தாயின் அச்சம், மகனின் நம்பிக்கை, பாட்டியின் கேள்வி... மூன்றுக்கும் அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு

ஒவ்வொரு செடிக்குள்ளும் அதன் நிறம், உயரம், காய்ப்பு, நோய் தாங்கும் சக்தி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் உள்ளன. நல்ல நெல்லையும் நல்ல நெல்லையும் இணைத்துப் புது ரகம் உருவாக்குவது நம் முன்னோர் காலம் முதல் நடப்பதுதான். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு விதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. மரபணு மாற்றம் என்பது வேறு. இயற்கையில் ஒன்றோடொன்று சேராத உயிர்களிலிருந்துகூட ஒரு மரபணுவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பயிருக்குள் வைப்பது அது. பாக்டீரியாவின் மரபணு பருத்திக்குள் போவது இப்படித்தான்.

ஆகவே நாம் சந்தையில் வாங்கும் ஹைபிரிட் தக்காளியோ, விதையில்லா திராட்சையோ, ‘ரெட் லேடி’ பப்பாளியோ மரபணு மாற்றப்பட்டவை அல்ல. இந்தியாவில் வணிக முறையில் பயிரிட அனுமதி பெற்று வயலில் நிற்கும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்று: பி.டி. பருத்தி. பி.டி. கத்தரிக்காய்க்கு நம் நாட்டில் அனுமதி இல்லை. எனவே அந்தத் தாய்க்கு வந்த செய்தி உண்மையல்ல.

ஆனால் மகன் நினைப்பதுபோல் நமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பருத்தி விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் நம் நாட்டில் சமையலுக்குப் பயன்படுகிறது. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து கப்பலில் வரும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி மரபணு மாற்று சோயாவிலிருந்து எடுக்கப்பட்டது. 2021-இல் கோழித் தீவனத்திற்காக 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயா பிண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி அளித்தது. ஆக, வேண்டுமா வேண்டாமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே அது சமையலறைக்குள் வந்துவிட்டது!

இதனால் உடல்நலம் கெடுமா? அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, சந்தைக்கு வந்த மரபணு மாற்று உணவுகள் மற்ற உணவுகளைவிட ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: அமெரிக்காவில் மக்காச்சோளம், சோயா, பருத்தி ஆகியவற்றின் விளைச்சல் ஆண்டுதோறும் உயர்ந்துவந்த வேகத்தை மரபணு மாற்றம் கூட்டியதற்கும் சான்று இல்லை என்றது. அச்சுறுத்துவோர் முதல் பாதியை மறைக்கிறார்கள். ஆசைகாட்டுவோர் இரண்டாம் பாதியை மறைக்கிறார்கள்.

பருத்தி தந்த பாடம்

மண்ணில் வாழும் ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்ற பாக்டீரியா ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. அதைத் தின்னும் சிலவகைப் புழுக்களின் குடலில் துளை விழுந்து அவை இறந்துவிடும். இயற்கை விவசாயிகள்கூட இந்தப் பாக்டீரியாவைப் பல்லாண்டுகளாகத் தெளிப்பானாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாக்டீரியாவின் பெயரைச் சுருக்கித்தான் ‘பி.டி.’ என்கிறோம். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்துவிட்டால் மருந்து தெளிக்க வேண்டிய தேவை குறையும் என்பதே பி.டி. பருத்தியின் அடிப்படை.

2002 மார்ச்சில் இந்தியா அதற்கு அனுமதி அளித்தது. 2001-02-இல் சுமார் 158 லட்சம் பேல்களாக இருந்த பருத்தி உற்பத்தி 2013-14-இல் 398 லட்சம் பேல்களாக உயர்ந்தது. காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பதும் தொடக்கத்தில் வெகுவாகக் குறைந்தது. இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதே காலத்தில் பாசன வசதி, உரப் பயன்பாடு, புதிய பூச்சிமருந்துகள் ஆகியவையும் கூடின. எனவே உயர்வு முழுவதும் விதையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

பிறகு புழு பாடம் கற்றுக்கொண்டது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு, முதலில் வந்த ஒற்றை மரபணுப் பருத்தியைத் தாங்கிக்கொள்ளும் நிலைக்கு 2009-10 வாக்கில் குஜராத்தில் வந்துவிட்டது. சில ஆண்டுகளில் இரட்டை மரபணுப் பருத்தியையும் அது வென்றது. விவசாயிகள் மீண்டும் மருந்தடிக்கத் தொடங்கினர். 2024-25-இல் உற்பத்தி சுமார் 300 லட்சம் பேல்களாகக் குறைந்துவிட்டது.

விலை விவகாரம் இன்னொன்று. தொடக்க ஆண்டுகளில் 450 கிராம் பி.டி. விதை 1,600 ரூபாய்க்கும் மேல் விற்றது. அதில் பெரும்பகுதி ‘தொழில்நுட்பக் கட்டணம்’. 2006-இல் ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகுதான் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. மேலும் இவை ஒட்டு விதைகள் என்பதால், விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு அதே பலன் கிடைக்காது. ஆண்டுதோறும் கடைக்குத்தான் போகவேண்டும்.

கத்தரிக்காயின் கதை

கத்தரிக்கு வருவோம். தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் கத்தரி விவசாயியின் பெரும் பகை. அதைத் தடுக்க ஒரே பருவத்தில் பலமுறை மருந்தடிக்கிறார்கள். அந்த மருந்து நம் வீட்டுக் குழம்புக்கும் வருகிறது என்பதை மறக்கவேண்டாம். இதற்கு மாற்றாகப் பி.டி. கத்தரியை உருவாக்கியவர்களில் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உண்டு. கோ 2, பி.எல்.ஆர். 1 போன்ற நம் ஊர் ரகங்களிலேயே அந்த மரபணுவை வைத்தார்கள். இவை ஒட்டு ரகங்கள் அல்ல. விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதே நோக்கம்.

2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி அளித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நம் தமிழகத்தில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதை எதிர்த்துப் பேசினார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று, இன்னும் விரிவான, சார்பற்ற ஆய்வுகள் தேவை என்று கூறி நிறுத்திவைத்தார்.

பக்கத்து நாடான வங்காளதேசம் வேறு முடிவு எடுத்தது. 2014-இல் 20 விவசாயிகளோடு தொடங்கி, பின்னர் ஆயிரக்கணக்கானோர் அங்கே பி.டி. கத்தரி பயிரிட்டனர். பூச்சிமருந்துச் செலவு குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வுகள் கூறின. கடுகிலும் இதேபோன்ற வழக்கு நடக்கிறது. டி.எம்.எச். 11 என்ற மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022-இல் மத்திய அரசு தந்த அனுமதி குறித்து, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். கற்றறிந்தவர்களே ஒருமித்த முடிவுக்கு வராத ஒன்றில், வாட்சப் செய்தியை நம்பி நாம் தீர்ப்பு எழுதலாமா?

உப்பில் விளையும் நெல்

இப்போது பாட்டியின் கேள்வி. உப்பைத் தாங்கும் நெல் உண்டா? உண்டு, பாட்டி!

நம் எண்ணூர் கழிமுகத்தில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வளர்கிறது. உப்புத் தண்ணீரிலேயே நின்று, உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும் மரம் அது. தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இதே இன மரத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து நெல்லுக்குள் வைத்தனர். அந்த நெல் உப்பை முன்னைவிட நன்றாகத் தாங்கியது என்று 2008-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அந்த நெல் விவசாயியின் வயலுக்கு இன்னும் வரவில்லை.

2025 மே மாதம் இன்னொரு செய்தி வந்தது. ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ என்ற நெல்லை மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். இதில் வெளியிலிருந்து எந்த மரபணுவும் நுழைக்கப்படவில்லை. நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்து, வறட்சியையும் உப்பையும் தாங்குமாறு ஆக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். எழுத்துப் பிழை திருத்துவதைப் போன்ற இந்த முறைக்கு மரபணுத் திருத்தம் என்று பெயர். இதன் சோதனை முடிவுகள் பற்றியும், விதையின் உரிமை யாருக்கு என்பது பற்றியும் எதிர்ப்பாளர்கள் கேள்விகள் எழுப்பியுள்ளனர்.

ஆய்வுக்கூடத்தைத் தொடாத வழிகளும் உண்டு. கேரளத்தின் பொக்காளி நெல்லும், நம் நாகைப் பகுதியின் குழியடிச்சான் நெல்லும் தலைமுறை தலைமுறையாக உப்பு நிலத்தில் விளைந்தவை. களர் நிலத்திற்கென்றே திருச்சி வேளாண் கல்லூரி வழக்கமான முறையில் டி.ஆர்.ஒய். ரகங்களை உருவாக்கியுள்ளது. மரபணு மாற்றம் ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால், இவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று என் மனதைக் குத்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது நமக்குத் தெரியும். மீனவர்களின் வலையிலும் படகிலும் அப்பிய அதே எண்ணெய் அந்த வெண்கண்டல் மரங்களின் வேரிலும் அப்பியது. ஒருபுறம் அந்த மரத்தின் மரபணுவைப் பொக்கிஷம் என்கிறோம். மறுபுறம் அந்த மரத்தையே எண்ணெயில் மூழ்கடிக்கிறோம். நாளைய நெல்லுக்குத் தேவையான குணம் இன்று நாம் அழிக்கும் ஏதோ ஒரு செடியில் இருந்தால்?

பசி எங்கிருந்து வருகிறது?

1960-களின் நடுவில் கடும் பஞ்சம். 1966-இல் மட்டும் இந்தியா ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அந்நாளில் கோவில்களில் கோதுமை நொய்யும் பால் பவுடரும் வாங்கக் கிண்ணத்தோடு வரிசையில் நின்றதை நம் பங்கின் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நிலையை மாற்றியது பசுமைப் புரட்சி. குட்டை ரக நெல்லும் கோதுமையும் வந்தன. நம் மணலியில் 1966-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் உரத் தொழிற்சாலையின் ‘விஜய்’ யூரியா தமிழகத்து வயல்களுக்குப் போனது. அறிவியல் நம்மைப் பட்டினியிலிருந்து மீட்டது என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். அதற்கு ஒரு விலையும் இருந்தது. மண் களைத்தது, பல நூறு பாரம்பரிய நெல் ரகங்கள் வயலைவிட்டு மறைந்தன.

இன்று நிலைமை என்ன? உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. அதே இந்தியாவில், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நம் தமிழகத்தில் இது 25 விழுக்காடு. தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. 2024-இல் உலகில் சுமார் 67 கோடி மக்கள் பசியோடு வாழ்ந்தார்கள் என்கிறது ஐ.நா. அதே ஐ.நா., 2022-இல் 105 கோடி டன் உணவு வீணாக்கப்பட்டது என்றும் சொல்கிறது. அதாவது கடைக்கும் வீட்டுக்கும் வந்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

மக்கள்தொகை இன்னும் பெருகும் என்பது உண்மைதான். 2080-களில் அது 1,030 கோடியைத் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கும் என்று ஐ.நா. மதிப்பிடுகிறது. வறட்சியும் வெள்ளமும் கூடிவரும் காலத்தில் நல்ல விதை நிச்சயம் வேண்டும். ஆனால் அரிசி இருந்தும் அதை வாங்கக் கூலி இல்லாத வீட்டில், எந்த விதையும் அடுப்பைப் பற்றவைக்காது. ரேஷன் கடையும் சத்துணவும் எத்தனை வீடுகளில் பசியைத் தணித்திருக்கின்றன என்று வடசென்னைக்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

யோசேப்பின் களஞ்சியம்

எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்துவைத்துப் பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்றியதை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருக்கிறோம். தொடக்க நூல் 41-ஆம் அதிகாரம். ஆனால் 47-ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. அங்கே மக்கள் தானியத்திற்காக முதலில் பணத்தைக் கொடுக்கிறார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு எழுதிக்கொடுத்து, விதை தாருங்கள் என்று கேட்கிறார்கள். விதை கிடைக்கிறது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு என்று சட்டமாகிறது.

அவர்களுடைய பசி தீர்ந்தது. உயிர் பிழைத்ததற்கு அவர்கள் நன்றியும் சொன்னார்கள். ஆனால் நிலம் போயிற்று, விடுதலை போயிற்று. மரபணு மாற்றுப் பயிர் பற்றிய கேள்வியின் மையம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விதைக்குள் என்ன இருக்கிறது என்பது அறிவியலின் கேள்வி. விதை யார் கையில் இருக்கிறது என்பது நீதியின் கேள்வி. முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும். நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. அதை இழந்துவிடக் கூடாது.

திருச்சபையின் பார்வை

திருச்சபை இதைத் தடைசெய்துவிட்டது என்று சிலரும், ஆசீர்வதித்துவிட்டது என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல. 2003 நவம்பரில் திருப்பீட நீதி அமைதி அவை, ஆதரவாளரையும் எதிர்ப்பாளரையும் உரோமைக்கு அழைத்துக் கருத்தரங்கு நடத்தியது. 2009 மே மாதம் பாப்பிறை அறிவியல் கழகத்தில் கூடிய அறிஞர்கள் பலர் இத்தொழில்நுட்பத்தை ஆதரித்தனர். ஆனால் அது திருச்சபையின் அதிகாரப்பூர்வ போதனை அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பொத்தாம் பொதுவாகத் தீர்ப்பிட இயலாது என்கிறார். இத்தானியங்கள் மனிதருக்குத் தீங்கானவை என்பதற்கு முடிவான சான்று இல்லை என்பதையும் ஏற்கிறார். ஆனால் இவை வந்த பல இடங்களில் நிலம் சிலர் கையில் குவிந்ததையும், சிறு விவசாயிகள் காணாமல் போனதையும் சுட்டிக்காட்டுகிறார். பாதிக்கப்படக்கூடிய அனைவரும் பங்குபெறும் திறந்த விவாதம் வேண்டும் என்கிறார்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, சரிபார்க்காத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். பொய்யான அச்சத்தைப் பரப்புவதும் பொய்ச்சான்றுதான். இரண்டாவது, புதிய விதை பற்றிக் கேள்விப்படும்போது நான்கு கேள்விகள் கேட்போம்: எந்தப் பயிர், எந்தக் குறைக்கு மருந்து? சோதித்தது யார், முடிவு எல்லாருக்கும் தெரியுமா? விவசாயி விதை எடுத்துவைக்க முடியுமா? இதைவிட எளிய வழி இல்லையா? மூன்றாவது, திருமண விருந்திலும் திருவிழா அசனத்திலும் இலையில் மிஞ்சுவதைக் குறைப்போம். நான்காவது, நம் பங்கின் எல்லைக்குள் ரேஷன் அட்டை இல்லாத குடும்பம், அங்கன்வாடிக்குப் போகாத குழந்தை உண்டா என்று ஒவ்வோர் அன்பியமும் பார்க்கட்டும். ஐந்தாவது, நம் கழிமுகத்தையும் அலையாத்தி மரங்களையும் காக்கக் குரல் கொடுக்கும் மீனவச் சகோதரர்களோடு நிற்போம்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பாட்டியிடம் இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நெல்லு வந்துரும் சாமி. அது வர்றதுக்குள்ள நடுறதுக்கு நிலம் இருக்குமா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடமும் பதில் தராது. நாம்தான் தரவேண்டும். சிந்திப்போம். அன்றாட உணவுக்காக ஆண்டவரிடம் வேண்டும்போது, ‘எனக்கு’ என்று அல்ல, ‘எங்களுக்கு’ என்றே கேட்கக் கற்றிருக்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.